சின்ன வயதில் பெரிய பிபி: ரத்தக்குழாய் அழற்சி இதயத்தை என்ன செய்கிறது, வைத்தியம் என்ன

25 வயதுப் பெண்ணுக்கு பிபி 190, 200 என்று காட்டினால் அதை வீட்டுக் கவலை, தூக்கமின்மை, டென்ஷன் என்று சொல்லி ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. அந்த வயதில் அவ்வளவு பிபி சும்மா வராது. சிறுநீரகத்திலோ, சுரப்பியிலோ, ரத்தக்குழாயிலோ ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடித்தான் ஆக வேண்டும். நம் நாட்டில் இளம் வயதில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று டகாயாசு என்கிற ரத்தக்குழாய் அழற்சி நோய். பெயர்தான் ஜப்பான் பெயர். நோய் நம் ஊர்ப் பெண்களுக்கும் வருகிறது, அதுவும் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 40 வயதுக்குள், படிக்கிற, கல்யாணம் ஆகிற, பிள்ளை பெறுகிற காலத்தில்.

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் நம்முடைய ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து அதைப் புண்ணாக்குவதைத்தான் ரத்தக்குழாய் அழற்சி என்கிறோம், டாக்டர்கள் வாஸ்குலைட்டிஸ் என்பார்கள். புண்ணான சுவர் சில இடங்களில் தடித்துப்போய் உள்ளே ரத்தம் ஓடும் வழி குறுகும், சில இடங்களில் பலமிழந்து பலூன் மாதிரி உப்பும். இது ஒரே நோய் இல்லை, ஒரு குடும்பம். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி போன்ற பெரிய குழாய்களைத் தாக்குவது டகாயாசு. குழந்தைகளின் நடுத்தரக் குழாய்களைத் தாக்குவது கவாசாகி. நுரையீரல், சிறுநீரகம், தோல், நரம்பு என்று மெல்லிய குழாய்களைத் தாக்குவது ஆன்கா (ரத்தத்தில் காணப்படும் ஓர் எதிர்ப்புப் பொருள்) வகை நோய்கள். எந்தக் குழாய் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஆனால் இந்த நோய்கள் பலவற்றில் உயிருக்கு ஆபத்து வருவது இதயத்தின் வழியாகத்தான், அதனால்தான் இவற்றை அபூர்வ நோய் என்று தள்ளிவிட முடியாது என்கிறேன்.

மிகிட்டோ டகாயாசு ஒரு கண் மருத்துவர். 1908இல் ஜப்பானில் நடந்த கண் மருத்துவர்கள் கூட்டத்தில், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் விசித்திரமாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டு சொன்னார். அதே கூட்டத்தில் வேறு இரண்டு மருத்துவர்கள், இதே மாதிரிக் கண் உள்ள தங்கள் நோயாளிகளுக்குக் கையில் நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். நாடி இல்லாத நோய் என்ற பெயர் அப்படித்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் கழுத்துக்கும் கைக்கும் போகும் மேல்பகுதிக் குழாய்கள் அதிகம் அடைபடுகின்றன. இந்தியாவில் வயிற்றுப் பகுதி மகாதமனியும் சிறுநீரகக் குழாய்களும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நம் பெண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் பிபி வடிவில் வந்து நிற்பது இதனால்தான்.

தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. விட்டு விட்டுக் காய்ச்சல், அசதி, எடை குறைவது, உடம்பு வலி, அவ்வளவுதான். பல மாதமோ வருடமோ கழித்துத்தான் கை பேச ஆரம்பிக்கும். துணி துவைக்கும்போது, தலை பின்னும்போது, கொடியில் துணி காயப்போடும்போது கை கடுத்து ஓய்ந்துபோகும். கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டால் சரியாகிவிடும். நெல்லை, தென்காசி வட்டாரத்தில் ஆலங்குளம், முக்கூடல், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் பீடித் தட்டை மடியில் வைத்து நாள் முழுக்கச் சுற்றுகிற பெண்கள் கை வலியைச் சொன்னால் யார்தான் இன்னொரு காரணத்தை நினைப்பார்கள்? வேலை செய்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டுக்கு இலை வெட்டப் போய்விடுவார்கள். பெரும்பாலோருக்கு அது வேலை வலியேதான். ஆனால் ஒரு கை மட்டும், வேலை செய்யும்போது மட்டும், நிறுத்தினால் சில நிமிடத்தில் போய்விடுகிற வலி என்றால் அந்தக் கையின் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு கைக்கும் பிபியில் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருப்பது, 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு டகாயாசுவுக்கு வகுத்த ஆறு அடையாளங்களில் ஒன்று. அது மட்டும் இருந்தால் நோய் என்று ஆகிவிடாது, பெரியவர்களுக்குக் கொழுப்பு அடைப்பிலும் அந்த வித்தியாசம் வரும். ஆனாலும் செலவே இல்லாத ஒரு சோதனை இது. நடப்பது என்னவென்றால், ஒரு கையில் பட்டையைச் சுற்றுவார்கள், 90க்கு 60 காட்டும். “மெஷின் சரியில்லை போலக்கா, எதுக்கும் அடுத்த கையில பாப்போம்” என்று யாராவது சொன்னால் அந்த வீட்டுக்கு நல்ல நேரம். சொல்லாவிட்டால் லோ பிபி என்று பெயர் வாங்கி, உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் குடிக்கச் சொல்லி அனுப்புவார்கள். அந்தக் கைக்குப் போகும் குழாய் அடைபட்டிருப்பதால் அங்கே மட்டும்தான் பிபி குறைவு, உள்ளே மகாதமனியில் 200 ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு கையிலுமே குழாய் அடைபட்டவர்களுக்குக் காலில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிபி கருவி வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர்கள் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரே ஒரு தடவையாவது இரண்டு கையிலும் பார்த்து எழுதிவைத்தால் எத்தனையோ பேர் முன்னாலேயே பிடிபடுவார்கள். இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன்.

சரி, இதயத்துக்கு என்ன ஆகிறது?

முதலில் பிபி. சிறுநீரகக் குழாய் சுருங்கினால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறையும். கடைமடைக்காரர் தண்ணீர் வரவில்லை என்று மேலே குரல் கொடுப்பதுபோல அது ரெனின் என்ற சுரப்பை அதிகமாக விட்டு உடம்பு முழுக்க அழுத்தத்தை ஏற்றச் சொல்லும். அடைப்பு இருப்பது ஓரிடத்தில், அழுத்தம் ஏறுவது எல்லா இடத்திலும். அந்த அழுத்தத்துக்கு எதிராக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பம்ப் செய்து இதயத்தின் இடது அறை தடிக்கும், பிறகு தளர்ந்து விரியும். மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், கால் வீங்கும். எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தால் இதயத் தசை பலவீனம் என்று வரும். வைரஸ் காய்ச்சலால் வந்திருக்கும் என்று அத்தோடு நிறுத்திவிட்டால் போச்சு, ஏனென்றால் இந்த வகைப் பலவீனம் சிறுநீரகக் குழாயைத் திறந்து பிபியை இறக்கினால் பலருக்கு நன்றாகத் தேறிவருகிற ஒன்று. குழந்தைகளில் டகாயாசு நேரடியாக இதயச் செயலிழப்பாகவே வெளிப்படுவதும் நம் நாட்டில் உண்டு.

இரண்டாவது, மகாதமனி தொடங்கும் வேர்ப்பகுதி விரிந்துபோய் அங்கிருக்கிற வால்வு சரியாக மூடாது. வெளியே போன ரத்தம் திரும்ப இதயத்துக்குள்ளேயே கசியும். இளம்பெண், வால்வு கசிவு என்றதும் நம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது சின்ன வயதில் தொண்டைப் புண்ணிலிருந்து வருகிற ருமாட்டிக் காய்ச்சல். அது இங்கே இருக்கிற நோய், நினைப்பதில் தப்பில்லை. ஆனால் 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று எழுதுவதற்கு முன்னால் நான்கு கை கால்களிலும் நாடி பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் மகாதமனியிலிருந்து பிரியும் வாய்ப்பகுதியில் அடைபடுவது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, புகை இல்லை, 30 வயதில் மாரடைப்பு. இன்னும் சிலருக்கு நுரையீரலுக்குப் போகும் குழாய் சுருங்கி இதயத்தின் வலது பக்கம் சோர்ந்துபோகும்.

குழந்தைகள் கதை வேறு. டோமிசாகு கவாசாகி 1961இல் முதல் குழந்தையைப் பார்த்தார், 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். தானாக ஆறிவிடும் காய்ச்சல் என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிறகுதான், திடீரென்று இறந்துபோன குழந்தைகளின் இதயக் குழாய்கள் வீங்கி அதற்குள் ரத்தம் உறைந்திருந்தது தெரியவந்தது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 5 நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெரிப் பழம் போலச் சிவந்த நாக்கு, உடம்பெல்லாம் தடிப்பு, வீங்கிய உள்ளங்கை உள்ளங்கால், கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டுதல். பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பு திடீரென்று சிவந்து தடிப்பது இன்னொரு அடையாளம், நம் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் தழும்பு இருப்பதால் நமக்கு அது உதவியான அடையாளமும்கூட. இரண்டாவது வாரத்தில் விரல் நுனித் தோல் உரியும்.

இந்தப் பட்டியலை நம் வீட்டு ஆச்சிகளிடம் சொன்னால் அம்மை என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகி, மருந்து மாத்திரை எதுவும் கொடுக்காமல், தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை காத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை, நோய்ப்பட்ட பிள்ளையைத் தனியாக வைத்துக் குளிர்ச்சியாகப் பார்த்துக்கொள்ளும் அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் கவாசாகிக்கு மருந்து நன்றாகப் பலன் தருவது காய்ச்சல் தொடங்கிய முதல் 10 நாளுக்குள் கொடுத்தால்தான். இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தைக் குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம் நரம்பு வழியாக ஒரே தடவையில் ஏற்றுவார்கள், கூடவே ஆஸ்பிரின். மருந்து கொடுக்காவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இதயக் குழாய் வீங்கும். நேரத்தில் கொடுத்தால் அது நூற்றுக்கு 4 அளவுக்கு இறங்கிவிடும். அத்தனை தெளிவாகப் பலன் தரும் மருந்து இது. விலை அதிகம், அதுதான் பிரச்சினை. 10 கிலோ குழந்தைக்கு 20 கிராம் வேண்டும். அதனால் அம்மைதான் என்று வீட்டில் உறுதியாக நம்பினாலும், அஞ்சாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் ஒரு தடவை குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து வேப்பிலையைத் தொடருங்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

டெங்கு, உண்ணிக்காய்ச்சல் என்று நம் பக்கத்தில் தடிப்போடு வரும் காய்ச்சல்கள் நிறைய, டாக்டருக்கும் குழப்பம் வரும். ஒரு சின்னக் குறிப்பு: டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) குறையும், கவாசாகியில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தட்டணு ஏறும். காய்ச்சல் விட்டாலும் எக்கோவை விட்டுவிடக் கூடாது. நோய் தெரிந்தவுடன் ஒன்று, ஓரிரு வாரத்தில் ஒன்று, 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று. குழாய் 8 மில்லிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ரத்தம் உறையாத மருந்தும் இதய டாக்டரும் ஆயுசுக்கும் தேவைப்படலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிறகு தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி வைத்தியம். பெரியவர்களுக்கு வரும் டகாயாசுவைப் பொறுத்தவரை நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வரிசை. முதலில் அழற்சியை அடக்க வேண்டும், அப்புறம்தான் அடைப்பைத் திறக்க வேண்டும். நமக்கு அடைப்பு என்றதும் ஸ்டென்ட் என்கிற வார்த்தை உடனே வந்துவிடுகிறது, சொந்தக்காரர்களும் எப்போது வைப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள். சுவர் புண்ணாக இருக்கும்போதே பலூன் விட்டு விரித்தால் அந்த இடம் மறுபடி சுருங்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வால்வு மாற்றினாலும் அழற்சி அடங்காத சதையில் தையல் நிற்காமல் செயற்கை வால்வு பிரிந்துவரும் ஆபத்து இருக்கிறது. உயிருக்கோ சிறுநீரகத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் காத்திருக்க முடியாது, அது வேறு. மற்றபடி சில மாதம் மருந்து கொடுத்து, அடங்கிவிட்டது என்று பார்த்த பிறகு செய்வதுதான் நிலைக்கும். டாக்டர் இப்போது ஸ்டென்ட் வேண்டாம் என்றால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை.

அடங்கிவிட்டதா என்று பார்ப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருக்கும்போதே உள்ளே குழாய்ச் சுவர் தொடர்ந்து புண்ணாகிக்கொண்டிருப்பது டகாயாசுவில் சகஜம். அதனால் குழாயைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ, எம்ஆர்ஐ ஆஞ்சியோ, டாப்ளர், சில நேரம் பெட் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நோயின் வேகத்தை நேரில் பரிசோதித்தே மதிப்பெண் போட ஐடாஸ் 2010 என்று ஓர் அளவுகோலை நம் நாட்டு மருத்துவர்களே உருவாக்கியிருக்கிறார்கள். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இந்த நோயாளிகளைப் பல வருடமாகத் தொடர்ந்து பார்த்துவருகிற அனுபவம் இருக்கிறது.

மருந்தில் முதலாவது பிரெட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு. எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 மில்லிகிராம்வரை தொடங்கி மெதுவாகக் குறைப்பார்கள். இதைப் பற்றி நம் ஊரில் இரண்டு எதிரெதிரான பழக்கம் உண்டு. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கலர் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவார்கள், அதில் ஸ்டீராய்டு இருப்பதே தெரியாது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஸ்டீராய்டு கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க முடியாமல் வாந்தி, மயக்கம், பிபி இறக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். அடங்கிய நோயும் திரும்ப எழும்பும். இன்னொரு பக்கம், அதே ஸ்டீராய்டு சர்க்கரையையும் பிபியையும் கொழுப்பையும் ஏற்றி இதயத்துக்கு வேறு வழியில் சுமை ஏற்றுகிறது என்பதும் உண்மை. அதனால் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை பார்க்க வேண்டும், காலை வெறும் வயிற்றில் பார்த்தால் மட்டும் பிடிபடாது. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கூடவே வேண்டும்.

ஸ்டீராய்டை விரைவாகக் குறைக்கத்தான் மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின், மைகோஃபீனோலேட் போன்ற இரண்டாம் மருந்துகளை ஆரம்பத்திலேயே சேர்க்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் அழிந்து உயிர் போகும். எந்தக் கிழமை என்று சீட்டிலும் காலண்டரிலும் எழுதிவையுங்கள். இவற்றுக்கும் அடங்காவிட்டால் டோசிலிசுமாப், அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள். அவற்றைப் போடும் முன் காசநோய் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரேயும் தோல் பரிசோதனையும் பார்ப்பார்கள், நம் நாட்டில் அதை ஒரு நாளும் விடக் கூடாது. இரண்டு பக்கச் சிறுநீரகக் குழாயும் சுருங்கியிருந்தால் எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை பிபி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் முடக்கிவிடும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தாமாக பிபி மாத்திரை வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

முகம் வீங்கி, எடை கூடி, பரு வந்து நிற்கும் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று மருந்தை நிறுத்துகிற வீடுகள் உண்டு. அந்தப் பெண்ணின் மனநிலையும் அவளைப் பெற்றவர்களின் பயமும் புரியாமல் இல்லை. டோஸ் குறையக் குறைய முகம் பழையபடி வந்துவிடும் என்று முதல் நாளே யாராவது உட்கார வைத்துச் சொன்னால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள் என்பது என் எண்ணம். கல்யாணம் செய்யலாம், குழந்தையும் பெறலாம், ஆனால் திட்டமிட்டு. நோய் அடங்கி இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் மைகோஃபீனோலேட்டும் கருவைக் கெடுக்கும் என்பதால் கரு உண்டாகும் முன்பே அவற்றை மாற்றி அசத்தியோபிரின் போன்ற மருந்துக்கு வர வேண்டும், பிபி மாத்திரையும் மாற வேண்டும். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரும்போது அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது, எனவே எந்தக் கையில் பிபி பார்க்க வேண்டும் என்று தாய்சேய் நல அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவரான பிறகு ஆஸ்துமா வந்து, ரத்தத்தில் ஈசனோபில் என்கிற வெள்ளை அணு மிக அதிகமாகி, காலில் மதமதப்பும் சேர்ந்தால் அது ஈசனோபில் வகை ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் இந்த வகையில் உயிர் போவதற்கு முக்கியக் காரணம் இதயத் தசையின் அழற்சி. ஆன்கா வகை நோய்கள் ஒரு காலத்தில் சில மாதத்திலேயே உயிரைக் குடித்தவை. சைக்ளோபாஸ்பமைடும் பின்னாளில் ரிட்டக்சிமாப்பும் வந்து அவற்றைப் பல வருடம் கட்டுப்படுத்தக்கூடிய நோய்களாக மாற்றிவிட்டன. 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பொட்டு வலியும், மெல்லும்போது தாடை வலியும், கண் மங்கலும் வந்தால் அதுவும் இந்தக் குடும்பத்து நோயாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி, பார்வை போனால் திரும்பாது.

பீடியைச் சொல்லாமல் நம் சீமையில் ரத்தக்குழாய் நோயைப் பற்றிப் பேச முடியாது. டகாயாசு தன் நோயாளியைப் பற்றிச் சொன்ன அதே 1908இல் லியோ பர்ஜர் என்பவர், இளம் ஆண்களின் விரல்கள் கறுத்து அழுகுவதைப் பற்றி விரிவாக எழுதினார். புகையிலையால் கை கால்களின் குழாய்கள் அழற்சி கண்டு உறைந்துபோகும் நோய் அது. இதயத்தை அபூர்வமாகத்தான் தொடும், ஆனால் காலை எடுத்துவிடும். ஸ்டீராய்டு பயன்படாது, ஸ்டென்ட் பெரும்பாலும் பயன்படாது. புகையிலையை முழுசாக விட்டால் நோய் நிற்கும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பீடி பிடித்தாலும் நிற்காது. வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் கணக்கில் வரும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ, பக்கத்து அரசு மருத்துவமனையோ, நான்கு கை கால் பிபியும் நாடியும் பார்த்து, ஒரு எக்கோவும் வயிற்று டாப்ளரும் எடுத்தாலே சந்தேகம் பெருமளவு தெளிந்துவிடும். அப்புறம் வாதநோய் சிறப்பு மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஞ்சியோ, பலூன், அறுவை சிகிச்சை எதெல்லாம் அதில் வரும் என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். பிரெட்னிசலோன், மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின் எல்லாம் விலை குறைந்த மாத்திரைகள்தான், ஆனால் மாதா மாதம் ரத்த அணு, கல்லீரல் பரிசோதனை செலவையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். மதுரைக்கோ வேலூருக்கோ போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஆஞ்சியோ படம் பதிந்த சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டு வருடத்துக்கு முன் எடுத்ததும் சேர்த்து. குழாய் புதிதாகச் சுருங்கியிருக்கிறதா, பழைய தழும்பா என்பதைப் பழைய படத்தோடு புதிய படத்தை வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவும் அதை வைத்துத்தான் எடுப்பார்கள்.